மந்த காலத்தில் கிளீனிங் தொழில்: வாசகர் கேள்வி, பதில்

தொழில்கள் மந்தமாகும்போது நிறுவனங்கள் முதலில் கைவைப்பது கிளீனிங் பில்லில்தான். ஐந்து பேர், பத்துப் பேரை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பணத்தொகை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் கணக்குகளை 100-க்கு இவ்வளவு என்ற விகிதத்தில் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஓர் அலுவலகத்தில் வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறோம். நான்கு வருடப் பழக்கம். "பட்ஜெட் குறைந்துவிட்டது, 10 சதவீதம் குறைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறோம்" என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: வேலையைக் குறைக்காமல் விலையை மட்டும் குறைக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். 100-க்கு பில் போடுகிறீர்கள். கூலி, கெமிக்கல், போக்குவரத்து என்று 80 போய்விடுகிறது என்று வையுங்கள். கையில் நிற்பது 20. பில்லில் 10 குறைந்தால் நிற்பது 10. விட்டுக்கொடுத்தது பத்தில் ஒரு பங்கு, இழந்தது பாதி. பழைய 20-ஐ மறுபடி பார்க்க வேண்டுமானால் இதே அளவு வேலை இன்னொன்று பிடிக்க வேண்டும். நேரடிச் செலவு 70-தான் என்றாலும் வேலை ஒன்றரை மடங்கு ஆக வேண்டும். மந்த காலத்தில் அது எங்கிருந்து வரும்?

"குறைக்கலாம், எந்த வேலையை விடட்டும் என்று சொல்லுங்கள்" என்று பேச்சைத் திருப்புங்கள். அப்படிப் பேச, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டு நாள் கூடவே நின்று கடிகாரம் பார்த்து எழுதினால் போதும். பட்டியல் தயாரானதும் முதலில் மேஜைக்கு மேஜை இருக்கும் குப்பைக் கூடையைப் பாருங்கள். 60 மேஜை, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்றால் தினமும் 30 நிமிடம். அதற்குப் பதில் நான்கு பொதுக் கூடை வைத்தால் 6 நிமிடத்தில் முடியும். தினம் 24 நிமிடம், வாரத்துக்கு 2 மணி நேரம் மிச்சம். வாரம் 20 மணி நேர வேலை என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு இது. பில்லில் கூலி 65 என்றால் இந்த ஒரு மாற்றமே 6.5-ஐத் தந்துவிடும். மீதி 3.5-ஐ உள்பக்கக் கண்ணாடியை வாரம் ஒரு முறைக்குப் பதில் இரு வாரத்துக்கு ஒரு முறை துடைப்பதிலும், கார்ப்பெட் முழுவதும் தினமும் வேக்கம் போடாமல் நடைபாதையில் மட்டும் தினமும், மற்ற இடத்தில் வாரம் இரு முறை போடுவதிலும் எடுத்துவிடலாம்.

மிச்சமான நிமிடம் சம்பளக் கணக்கிலும் குறைந்தால்தான் அது மிச்சம். ஆள் 24 நிமிடம் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தால் நீங்கள் விலையைச் சும்மா குறைத்ததாகத்தான் ஆகும். அந்த நேரத்தை அடுத்த இடத்தின் வேலையோடு சேர்க்க முடியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை, பான்ட்ரி, நுழைவாயில், கைபடும் கைப்பிடிகள் இந்த நான்கிலும் எதையும் குறைக்காதீர்கள். கண்ணாடியில் தூசி இருந்தால் ஒருவர் குறை சொல்வார். கழிப்பறை நாறினால் மொத்த அலுவலகமும் சொல்லும்.

"ஐந்து நாளுக்குப் பதில் மூன்று நாள் வாருங்கள், ஐந்தில் மூன்று பங்கு கொடுக்கிறோம்" என்று சிலர் கேட்பார்கள். அது சரிவராது. இரண்டு நாள் அழுக்கு ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு முறை போவதற்கு ஆகும் நேரமும் கூடும். நாளுக்கு 4 மணி நேரம் ஆன இடம் 5.5 ஆகலாம். 20 மணி நேரம் 16.5 ஆகிறது, அவ்வளவுதான். குறைவது 17.5 சதவீதம். அவர் எதிர்பார்ப்பதோ 40.

எந்த வேலையும் குறையக் கூடாது, விலை மட்டும் குறைய வேண்டும் என்று அடம்பிடித்தால் பதிலுக்கு எதையாவது வாங்குங்கள்: 45 நாளில் வரும் பணம் 7 நாளில் வர வேண்டும், அல்லது ஒரு வருட ஒப்பந்தம், அல்லது வேலை நேரத்தை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை. பக்கத்துக் கட்டடத்து வேலையோடு அதே ஆளை அனுப்ப முடிந்தால் கடைசியாகச் சொன்னதற்கு மதிப்பு அதிகம். எதை ஒப்புக்கொண்டாலும் நீக்கிய வேலைகளை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஆறு மாதத்தில் மறுபடி பேசுவது என்று தேதியையும் குறியுங்கள். எழுதாவிட்டால் மூன்றாவது வாரம் "கண்ணாடி ஏன் அழுக்காக இருக்கிறது?" என்று புகார் வரும்.

கேள்வி: போட்டியாளர் ஒருவர் எங்கள் விலையில் பாதிக்குக் கொட்டேஷன் கொடுக்கிறார். எப்படி முடிகிறது?

பதில்: நேரத்தைக் குறைத்துப் போட்டிருப்பார், அல்லது சட்டப்படியான கூலியும் காப்பீடும் கொடுக்க மாட்டார், அல்லது கணக்குத் தெரியாமல் போட்டிருப்பார். மூன்றாவது வகைதான் அதிகம். அவர்கள் சில மாதத்தில் காணாமல் போவார்கள்; அதற்குள் அந்த வட்டாரத்தின் விலையைக் கெடுத்துவிட்டுப் போவார்கள்.

விலையோடு விலையாக மோதாதீர்கள். "அவர் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுக்கட்டும்" என்று வாடிக்கையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். கழிப்பறையை மதிப்பிட இந்தத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: டாய்லெட், யூரினல், வாஷ்பேசின் ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம். கட்டடத்தில் அப்படி 24 இருந்தால் கழிப்பறைக்கே 72 நிமிடம் ஆகும். மொத்தக் கட்டடத்தையும் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் முடிப்பார் என்றால், மீதி 48 நிமிடத்தில் எத்தனை தளத்தைத் துடைப்பார் என்று வாடிக்கையாளரே கேட்டுக்கொள்வார்.

அப்படியும் போகிறவர் போவார். சாவியைக் கணக்காக ஒப்படைத்து, சண்டை போடாமல் வெளியே வாருங்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு போன் செய்யுங்கள்.

கேள்வி: செலவுக்கு மேல் 25 சதவீதம் சேர்த்துத்தான் விலை சொல்கிறேன். ஆனாலும் வருட முடிவில் லாபம் 25 சதவீதம் வருவதில்லை. எங்கே ஓட்டை?

பதில்: செலவு 100, அதன்மேல் 25 சேர்த்து பில் 125. பில்லில் லாபம் 25/125, அதாவது 20 சதவீதம்தான். பில்லில் 25 சதவீதம் நிற்க வேண்டுமானால் செலவை 0.75-ஆல் வகுக்க வேண்டும். விலை சுமார் 133 வரும். இது சின்ன ஓட்டை.

பெரிய ஓட்டை, நீங்கள் விற்கும் மணி நேரத்துக்கும் சம்பளம் கொடுக்கும் மணி நேரத்துக்கும் உள்ள இடைவெளி. ஆளுக்கு 8 மணி நேரச் சம்பளம். பயணம், சாவிக்குக் காத்திருப்பது, வண்டியில் சாமான் ஏற்றுவது எல்லாம் போக வாடிக்கையாளர் இடத்தில் வேலை நடப்பது 6.5 மணி நேரம். மணிக்கூலி 100 என்றால் நாள் கூலி 800. விடுமுறைச் சம்பளம், காப்பீடு, சட்டப்படியான பங்களிப்பு எல்லாம் சேர்த்து 15 சதவீதம் என்று வைத்தால் 920. அதை 6.5-ஆல் வகுத்தால் விற்கும் ஒரு மணி நேரத்தின் அடக்கம் 141-ஐத் தாண்டும். கெமிக்கல், துணிக்கு 6 சேர்த்தால் சுமார் 147. அலுவலகச் செலவுக்கு பில்லில் 15 சதவீதம், லாபத்துக்கு 10 சதவீதம் வேண்டும் என்றால் 147-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 196. அதாவது கூலியின் இரு மடங்குக்குக் கொஞ்சம் கீழே. இந்தச் சதவீதங்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பலர் கூலியின் ஒன்றரை மடங்கைக் கேட்டுவிட்டு, கடுமையாக உழைத்தும் கையில் ஏன் நிற்கவில்லை என்று யோசிக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் உங்கள் கையில் இருக்கும் எண் அந்த 6.5 தான். ஒரே தெருவில், ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்து வேலை அமைந்து அது 7.25 ஆனால், யாருடைய கூலியையும் குறைக்காமலேயே அடக்கவிலை பத்தில் ஒரு பங்கு குறைகிறது. தூரத்தில் தனியாக நிற்கும் ஒரு சின்ன வேலையை விட்டுவிட்டு, வழியில் இருக்கும் இன்னொன்றைச் சற்றுக் குறைந்த விலைக்கு எடுப்பது பல நேரம் லாபம்தான். வரைபடத்தில் எல்லா இடங்களையும் புள்ளி வைத்துப் பார்த்தால் எது துண்டாக நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: கெமிக்கல் செலவு ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து ஓட்டலாமா?

பதில்: ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். 100-க்கு பில் போட்டால் கெமிக்கலுக்குப் போவது பெரும்பாலும் 4, 5. அதில் கால் பங்கு மிச்சம் பிடித்தாலும் கிடைப்பது 1. கூலி 65-இல் 5 சதவீத நேரத்தை மிச்சம் பிடித்தால் 3-க்கு மேல். ஆகவே கேனையே பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஆனால் கெமிக்கலை அளவில்லாமல் ஊற்றுவது நேரத்தையும் தின்கிறது, அதனால்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பெரும்பாலான இடங்களில் பிரச்சினை அதிகமாக ஊற்றுவதுதான். லேபிளில் 100-க்கு 1 என்று இருந்தால் 10 லிட்டர் வாளிக்கு 100 மி.லி. போதும். கேனைச் சாய்த்துக் கண் அளவில் ஊற்றினால் 250 மி.லி. சுலபமாகப் போகும். மிஞ்சிய சோப்பு தரையில் பிசுபிசுப்பாகப் படிந்து, செருப்புத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாளே தரை மங்கும். "இன்னும் கொஞ்சம் ஊற்று" என்று ஆள் நினைப்பார், படிவு மேலும் ஏறும். சோதித்துப் பார்க்க வழி உண்டு: வெறும் தண்ணீரில் நனைத்த சுத்தமான மாப்பால் தரையைத் துடைத்துச் சுத்தத் தண்ணீரில் அலசுங்கள். நுரை வந்தால் தரையில் பழைய சோப்பு இருக்கிறது. ஒரு வாரம் வெறும் தண்ணீரில் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேனில் அழுத்து பம்ப் மாட்டுங்கள். ஓர் அழுத்துக்கு எத்தனை மி.லி. வருகிறது என்று அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்து, "10 லிட்டர் வாளிக்கு இத்தனை அழுத்து" என்று கேனிலேயே எழுதி ஒட்டுங்கள். வாளியின் உள்பக்கம் 5 லிட்டர், 10 லிட்டர் கோட்டை அழியாத மையில் போடுங்கள். கலப்பதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

லேபிளில் சொன்னதைவிட அதிகத் தண்ணீர் சேர்ப்பது கிருமிநாசினிக்கு ஆகவே ஆகாது. சாதாரணத் தரை லிக்விட் நீர்த்துப்போனால் கொஞ்சம் கூடத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். கிருமிநாசினி நீர்த்தால் வேலையே செய்யாது, செய்யவில்லை என்று கண்ணுக்கும் தெரியாது. லேபிளில் இருக்கும் நேரம் வரை பரப்பு ஈரமாக இருப்பதும் முக்கியம். குவாட் (குவாட்டர்னரி அமோனியம்) வகைக் கிருமிநாசினியில் பருத்தித் துணியை ஊறவைத்தால் மருந்தைத் துணியே உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு ஏற்ற செயற்கை இழைத் துணி வேண்டும்.

விலை குறைந்த கிருமிநாசினி என்றால் ப்ளீச்தான். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 20 மி.லி., தண்ணீர் 980 மி.லி. சேர்த்தால் 0.1 சதவீதக் கரைசல்; பொதுவான பரப்புகளுக்கு அது போதும். முதலில் அழுக்கைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், அழுக்கின் மேல் ஊற்றினால் வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். கலந்த ப்ளீச் நாளாக நாளாக வீரியம் இழக்கும், அன்றன்றைக்குக் கலக்குங்கள். டாய்லெட் ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள கண்ணாடி லிக்விடோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு பாட்டிலில் மீந்ததை ஒன்றாக ஊற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை இன்றே நிறுத்துங்கள்.

பளிங்குத் தரையில் வினிகர் உட்பட எந்த அமிலமும் கூடாது. மேற்பரப்பை அரித்து மங்கலாக்கிவிடும், மறுபடி பாலிஷ் போட்டால் ஒழிய போகாது. அந்த நஷ்டஈட்டில் பல மாதக் கெமிக்கல் செலவு போய்விடும்.

கேள்வி: மைக்ரோஃபைபர் துணி சில மாதத்திலேயே உறிஞ்சுவதை நிறுத்திவிடுகிறது. தரம் மோசமா?

பதில்: துவைக்கும் முறையைப் பாருங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் இழைகளுக்கு நடுவே படிந்து அடைத்துவிடும். ப்ளீச் இழையை அரிக்கும். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் அதன் பஞ்சு முழுவதும் இதில் ஒட்டிக்கொள்ளும். சூடு கூடினால் இழை உருகி விறைக்கும். எத்தனை டிகிரி என்று துணியின் லேபிளே சொல்லும். உறிஞ்சாமல் போன துணியை மென்மையாக்கி இல்லாமல் வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பாருங்கள், சில திரும்பி வரும். நான்காக மடித்துப் பிடித்தால் ஒரு துணியில் எட்டுப் பக்கம் கிடைக்கும் என்பதையும் ஆட்களுக்குக் காட்டுங்கள். சுருட்டிப் பிடிப்பவர் ஒரு பக்கத்தாலேயே அழுக்கைத் தடவிக்கொண்டிருப்பார்.

கேள்வி: வேலை நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எட்டுப் பேர் இருக்கிறோம். இரண்டு பேரை நிறுத்துவதா, எல்லோருக்கும் மணி நேரத்தைக் குறைப்பதா?

பதில்: இரண்டு மூன்று மாதத்தில் திரும்பும் என்று நம்பக் காரணம் இருந்தால் மணி நேரத்தைப் பகிருங்கள். காரணம் என்றால் கையெழுத்தான ஒப்பந்தம், தேதி சொல்லப்பட்ட வேலை. "எல்லாம் சரியாகிவிடும்" என்பது காரணம் ஆகாது. அப்படி எதுவும் இல்லாமல் எல்லோருக்கும் குறைத்தால், வேறு வேலை கிடைக்கக்கூடிய திறமையான ஆள் முதலில் போவார். போக முடியாதவர் தங்குவார். கடைசியில் ஆளும் குறையும், தரமும் குறையும்.

முடிவெடுக்கும் முன் ஆட்களையே கேளுங்கள். குறைந்த நேரம் போதும் என்று நினைப்பவர் ஒருவராவது இருப்பார். யாருக்கு எந்த இடம் தெரியும், யாருக்கு மெஷின் ஓட்டத் தெரியும் என்று ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலை இருந்தால், கையில் நேரம் இருக்கும் இப்போதே இன்னொருவருக்குப் பழக்குங்கள். நிறுத்துவது என்றால் முன்னறிவிப்பு, கணக்கு தீர்ப்பு பற்றி உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துச் செய்யுங்கள். அதே ஆளை "இனி நீ தனி ஒப்பந்தக்காரர்" என்று காகிதத்தில் மட்டும் மாற்றுவது பல இடங்களில் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால் அவர் குறுக்குவழி தேடுவார். வாளித் தண்ணீர் மாறாது, கழிப்பறையில் துடைத்த துணி பான்ட்ரிக்குப் போகும். சிவப்பு கழிப்பறைக்கு, பச்சை உணவு இடத்துக்கு, நீலம் பொது இடத்துக்கு என்று நிறம் பிரித்து வைத்தால், இந்தத் தவறு நடக்கும்போதே கண்ணில் படும்.

கேள்வி: சம்பளம் வாரா வாரம் கொடுக்கிறோம். பில் பணம் 60, 75 நாள் கழித்துத்தான் வருகிறது. கடன் வாங்கிச் சமாளிக்கிறோம்.

பதில்: லாபத்தில் ஓடும் கிளீனிங் நிறுவனமும் மூடுவது இதனால்தான். மாத பில் 100, அதில் கூலி 65. மாத முடிவில் பில் போட்டு 60 நாள் கழித்துப் பணம் வந்தால், முதல் வாரக் கூலி கொடுத்ததிலிருந்து பணம் கையில் வரும்வரை ஏறக்குறைய மூன்று மாதக் கூலி, அதாவது 195, உங்கள் பையிலிருந்து வெளியே நிற்கிறது. அந்த நிலையில் புதிய வேலை பிடித்தால் நெருக்கடி கூடத்தான் செய்யும்.

பில்லை மாத முடிவு வரை வைத்திருக்காமல் மாதம் இரு முறை போடுங்கள். ஒரு முறை மட்டும் செய்யும் வேலைக்கு அன்றே பில், பாதி முன்பணம். பில்லில் "30 நாளில்" என்று எழுதாமல் தேதியையே எழுதுங்கள். அவர்களின் ஆர்டர் எண் விட்டுப்போனாலோ, ஒப்புதல் தரும் ஆளுக்குப் போகாமல் வரவேற்பறையில் கிடந்தாலோ பில் ஒரு மாதம் தூங்கும். பில்லை எந்த நாளில் கணினியில் ஏற்றுகிறார்கள், எந்த நாளில் பணம் அனுப்புகிறார்கள் என்று கணக்குப் பிரிவில் ஒருவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கெடு தேதிக்கு மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல். தாண்டி ஏழாம் நாள் போன். பதினைந்தாம் நாள், எந்தத் தேதியில் வேலை நிற்கும் என்று எழுத்தில் ஒரு கடிதம். எழுதினால் அந்தத் தேதியில் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் அடுத்த கடிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

கிளீனிங் செய்கிறவருக்கு ஒரு வசதி உண்டு: வாடிக்கையாளரின் இடத்துக்குள் தினமும் போகிறீர்கள். மேஜைகள் காலியாகின்றன, டிஷ்யூ பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், முழு பில்லுக்குப் பதில் முழு எண்ணாக ஒரு தொகை மட்டும் வருகிறது என்றால் பணம் கட்ட நீங்கள் கொடுக்கும் அவகாசத்தை உடனே குறையுங்கள். மாதம் 10 லாபம் வரும் இடத்தில் ஒரு மாத பில் வராமல் போனால், அதை ஈடுகட்டப் பத்து மாத லாபம் வேண்டும். ஒரே வாடிக்கையாளர் உங்கள் மொத்த வரவில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

கேள்வி: வாரம் ஒரு முறை எங்களை வரச் சொன்ன வீட்டுக்காரர்கள் இப்போது இரு வாரத்துக்கு ஒரு முறை போதும் என்கிறார்கள். சிலர் நிறுத்தியே விட்டார்கள்.

பதில்: இரு வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு வருகைக்கு ஆகும் நேரம் கூடும், பழைய வருகைக் கட்டணத்துக்கே ஒப்புக்கொள்ளாதீர்கள். வேறு ஓர் ஏற்பாட்டை முன்வையுங்கள்: வாரா வாரம் வருகிறோம், சமையலறையும் குளியலறையும் ஒவ்வொரு முறையும், படுக்கையறை ஒரு வாரம், வரவேற்பறை மறு வாரம். வருகை நேரம் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும், உங்கள் நேர அட்டவணையிலும் ஓட்டை விழாது. நிறுத்துகிறேன் என்பவரிடம் "ஒரு மாதம் உங்கள் நாளை ஒதுக்கி வைக்கிறோம்" என்று சொல்லுங்கள். பல மாதம் இடைவெளி விட்டுத் திரும்பி வந்தால் முதல் நாள் வேலையைத் தனிக் கட்டணத்தில் எடுங்கள், வழக்கமானதைப்போல இரு மடங்கு நேரம் பிடிக்கலாம்.

கேள்வி: விளம்பரத்துக்குச் செலவு செய்யலாமா?

பதில்: இப்போது வேலை செய்யும் இடங்களைச் சுற்றியுள்ள கட்டடங்களில் மட்டும். தூரத்தில் இருக்கும் வாடிக்கையாளர், பயணம் போக வேலை நடக்கும் அந்த 6.5 மணி நேரத்தை 6 ஆக்கிவிடுவார்.

கேள்வி: மூடிய நிறுவனம் ஒன்று தரை தேய்க்கும் பேட்டரி மெஷினை மலிவாக விற்கிறது. வாங்கலாமா?

பதில்: பேட்டரி எந்த மாதம் தயாரானது என்று முதலில் பாருங்கள். மெஷினின் விலையில் பெரும் பங்கை மறுபடி விழுங்கப்போவது அதுதான். ஈய அமில பேட்டரி பல மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு போயிருக்கும்; விற்பவர் முந்தின இரவு சார்ஜ் போட்டால் விளக்கு பச்சையாகத்தான் எரியும். ஆகவே தண்ணீர் நிரப்பி, பிரஷ்ஷை இறக்கி, ஒரு மணி நேரமாவது நிஜத் தரையில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பின்னால் ஈரக்கோடு விட்டால் ரப்பர் பட்டை தேய்ந்திருக்கலாம், அது சின்னச் செலவு. பல மெஷின்களில் பட்டையைத் திருப்பிப் போட்டு நான்கு விளிம்பையும் பயன்படுத்தலாம். பட்டை நன்றாக இருந்தும் தண்ணீரை இழுக்கவில்லை என்றால் குழாய் அடைப்பு, தொட்டி மூடியின் ரப்பர் வளையம், அப்புறம் வேக்கம் மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். மோட்டாரில் கீச்சென்ற சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது. அழுக்குத் தொட்டியைத் திறந்து முகர்ந்தாலே எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியும்.

வாங்கிய பிறகு: தினமும் தொட்டியைக் கழுவி மூடியைத் திறந்தே வையுங்கள். பேட்டரியில் காய்ச்சி வடித்த நீரை முழு சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் வழியும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு நீர் இறங்கியிருந்தால் மட்டும் தகடு மூழ்குமளவுக்குச் சிறிது முதலிலேயே ஊற்றலாம்.

மெஷினுக்கு வேலை மாதம் சில நாள்தான் என்றால் வாடகைக்கு எடுப்பதே மேல்.

கேள்வி: வழக்கமான வேலை குறைந்ததால் வினைல் தரைக்குக் கோட்டிங் (பளபளப்பான பாதுகாப்புப் பூச்சு) போடும் வேலையை எடுக்க நினைக்கிறோம். ஆகுமா? எதில் கவனம் வேண்டும்?

பதில்: நல்ல யோசனை. மந்த காலத்தில் தரையை மாற்றும் திட்டத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிற தரையைப் புதுப்பிக்க ஒப்புக்கொள்வார்கள். ஆனால் தப்பாகப் போட்டால் முழுவதையும் உரித்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்குப் பணம் கேட்க முடியாது. முதல் வேலையை உங்கள் சொந்த இடத்திலோ கிடங்கிலோ செய்து பழகுங்கள்.

முதலில், முழு உரிப்பு தேவையா என்று பாருங்கள். பழைய கோட்டிங் மஞ்சளாகாமல் மேலே மட்டும் கீறல் இருந்தால், மேற்படலத்தைத் தேய்த்துக் கழுவி ஒன்று, இரண்டு கோட் போட்டாலே போதும். நேரம் பாதிக்கும் கீழே. பணம் இல்லாத வாடிக்கையாளருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

முழுவதும் உரிப்பதானால், உரிக்கும் திரவத்தை லேபிள் அளவில் கலந்து பரப்பி 5 முதல் 10 நிமிடம் ஊற விடுங்கள். நடுவில் காய விடக் கூடாது. காய்ந்தால் கரைந்த கோட்டிங் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் சின்னப் பகுதியாக எடுங்கள். மெஷினில் மாட்டும் கரடுமுரடான கறுப்பு பேடால் தேய்த்து, ஈர வேக்கத்தில் உறிஞ்சி, சுத்தத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். உரிக்கும் திரவம் பட்ட தரை எண்ணெய் கொட்டியதுபோல வழுக்கும். வழுக்காத காலணி இல்லாமல் யாரும் கால் வைக்கக் கூடாது, பகுதியை மறித்து வையுங்கள்.

அலசியது போதுமா என்று ஈரத் தரையில் பி.எச். தாளை (அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் தாள்) வைத்துப் பாருங்கள்; 7, 8-க்குள் இருக்க வேண்டும். காரம் மிஞ்சியிருந்தால் புதிய கோட்டிங் பொடிப்பொடியாக உதிரும். அந்த உதிர்தலுக்குப் பலர் கோட்டிங் கம்பெனியைத் திட்டுவார்கள், காரணம் அலசாத தரைதான்.

கோட்டிங் மெல்லியதாக 3 முதல் 5 கோட். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 40 முதல் 50 சதுர மீட்டர் வரை வரும். 100 சதுர மீட்டரில் 4 கோட் என்றால் 8 முதல் 10 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய வேண்டும், பொதுவாக 30 முதல் 45 நிமிடம், காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் அதிகம். தொட்டால் ஒட்டவில்லை என்பதோடு நிறுத்தாமல் இன்னும் சிறிது பொறுத்துப் போடுங்கள். அவசரப்பட்டால் அடியில் ஈரம் சிக்கி வெளிறிப்போகும். மின்விசிறியைத் தரையை நோக்கித் திருப்பாதீர்கள், மேல் மட்டும் காய்ந்து அலையலையாக நிற்கும். சுவரோரம் யாரும் நடப்பதில்லை. அங்கே ஓரிரு கோட் போதும், அதிகம் போட்டால் படிந்து மஞ்சளாகும்.

கோட்டிங்குக்கென்று தனி மாப் வையுங்கள். புது மாப்பை முதலில் ஊறவைத்து அலசிவிட்டால் பஞ்சு உதிராது. வாளியில் மீந்த கோட்டிங்கை மறுபடி கேனில் ஊற்றாதீர்கள், மொத்தக் கேனும் கெட்டுப்போகும். விலை சொல்லும்போது நாற்காலி, மேஜை நகர்த்தும் நேரத்தைத் தனியாகக் கணக்கில் எடுங்கள். காலி அறைக்குச் சொன்ன விலையில் சாமான் நிறைந்த அறையைச் செய்துகொடுத்தால் அந்த இரவின் லாபம் முழுவதும் நகர்த்துவதிலேயே போய்விடும்.